சோப்புக்குப் போகாத மஞ்சள்

என் வயசுக்காரர்களே, கையெடுத்துக் கும்பிடுகிறேன், அந்த மஞ்சள் சமாச்சாரத்தை எனக்கு அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். காலையில் எழுந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, செல்போனைத் திறந்தால் மஞ்சள். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கத்துக்கு அடியில் மஞ்சள். சமையலில் மஞ்சள் சேர்த்தால் மூட்டு வலி பறந்துபோகும், ரத்தம் சுத்தமாகும், ஈரல் பலப்படும், மறதி கிட்டவே வராது. நேற்று ஒருவர் அனுப்பியதையே இன்று அவரே மறுபடி அனுப்புகிறார். மறதி வராதாம்!

போன வாரம் காலை நடை முடிந்து கடலோரக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தோமே, அப்போது நம்மில் ஒருவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர், பிளாஸ்கில் மஞ்சள் பால் கொண்டுவந்து மூடியில் ஊற்றி என் மூக்குக்கு நேராக நீட்டினார். மேலே ஆடை கட்டியிருந்தது. ஆடையில் மிளகுத்தூள் ஒட்டிக்கொண்டு மிதந்தது. கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இன்னா மாமு, ஏழு ஐஸ் வண்டி ஓட்றே, இத்தினியூண்டு பாலுக்கு இப்டி பயப்பட்றே?” என்றார். எல்லோரும் சிரித்தீர்கள்.

சிரித்தது இருக்கட்டும். வண்டி ஏழு இல்லை, எட்டு. போன தை மாசம் எட்டாவதும் வந்தாச்சு. நான் மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்று என் ஐஸ் பேக்டரியில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிற மூன்று பேர் பட்டம் வாங்கினவர்கள். ஆகவே இதில் எழுத்துப் பிழை இருந்தால் அவர்களைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் பயம் என்றாரே, அது தப்பு. அது அருவருப்பு. அறுபது வருஷத்துக்கு மேலாக நான் விழுங்கிவைத்திருக்கிற அருவருப்பு. பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. போன மாசம்தான் ஒருத்தியிடம் சொல்லவேண்டி வந்தது. அவளிடம் சொன்னபிறகு உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

அப்போது எங்கள் வீடு ராயபுரத்தில், ஸ்டேஷனுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த குப்பத்தில். கிழக்குக் காற்று அடித்தால் மீன் நாற்றம், தெற்குக் காற்று அடித்தால் துறைமுகத்துக் கரித்தூள். சோற்றுப் பானையை மூடாமல் வைத்தால் கறுப்பாகப் பொடி படியும். நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா கூடையில் மீன் விற்றாள். உலகத்தில் உள்ள எல்லா அழுக்குக்கும் கலீஜுக்கும் என் அம்மாவிடம் இருந்த ஒரே மருந்து மஞ்சள். மீன் கழுவ மஞ்சள், குழம்புக்கு மஞ்சள், கெளுத்தி முள் குத்தினால் சுட்ட மஞ்சள், இருமினால் பாலில் மஞ்சள், வாசலில் மஞ்சள் தண்ணீர்.

“ஊரு மேல இருக்கிற நோவெல்லாம் நம்ம வூட்டாண்ட வராததுக்கு இன்னா காரணம்னு நெனச்சிகினே? என் கொழம்புதான்” என்பாள். குழம்பு அப்படித்தான் இருக்கும். மற்ற வீட்டுக் குழம்பு சிவப்பு, எங்கள் வீட்டுக் குழம்பு ஆரஞ்சு. பக்கத்து வீடுகளில் ஒரு சிட்டிகை போடுகிற இடத்தில் அம்மா கைப்பிடி போடுவாள்.

அம்மா சொன்னதில் பாதி நிஜம்தான். மீனில் மஞ்சள் தடவினால் கவிச்சி அடங்கும், சீக்கிரம் கெடாது. எட்டு வண்டியில் மீனுக்கு ஐஸ் போடுகிறவனுக்கு இது தெரியாதா? மீதிப் பாதியில்தான் வினை.

அந்த மஞ்சளை இடித்தது நான்.

எங்களிடம் ஓர் இரும்பு உரல் இருந்தது. எந்தக் கடையிலும் கிடைக்காது. உடைத்துப் போட்ட ஏதோ ஒரு கப்பலின் குழாயில் ஒரு சாண் வெட்டி, அடியில் தகடு வைத்துப் பற்றவைத்து, நைனாவின் தோஸ்து ஒருத்தர் பண்ணிக்கொடுத்தது. உலக்கைக்குப் பதில் அதே கப்பலின் போல்ட்டு, என் முழங்கை நீளம். அதில் விரலி மஞ்சளைப் போட்டு இடித்தால் கோவில் மணி மாதிரி சத்தம் வரும். நாலு சந்துக்குக் கேட்கும். “தொர ஆரம்பிச்சிட்டாரு” என்று பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு ஒன்பது வயசு. இடித்து, நைனாவின் பழைய வேட்டியில் இரண்டு தரம் சலிப்பேன். ஒரு திப்பி இருக்காது. முகத்தில் பூசினால் பட்டு மாதிரி இருக்கும். தும்மினால் மூக்கிலிருந்து மஞ்சளாக வரும். அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி இடிப்பேன். நகம் பத்தும் மஞ்சள். பள்ளிக்கூடத்து வாத்தியார் என் கையைப் பார்த்து, பீ அள்ளிவிட்டு வந்தாயா என்று கேட்டார். நான் கவலைப்படவில்லை. குப்பத்திலேயே என் மஞ்சளுக்கு ஈடு கிடையாது. இதை இப்போதும் சொல்வேன்.

மழை விட்டிருந்த மாசம். சந்தில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. அடிபம்பைச் சுற்றிப் பச்சையாக நுரை கட்டிய குட்டை, அதற்குள் ஈயக்குடத்தை வைத்துத்தான் தண்ணீர் அடிக்கவேண்டும். அப்போதுதான் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

சித்தி அம்மாவின் தங்கச்சி. பதினோரு வயசு சின்னவள். அவர்களைப் பெற்றவள் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். சித்தி கறுப்பு. எண்ணெய் தடவின கருங்கல் மாதிரி மினுமினுப்பான கறுப்பு. ஆம்பிளை மாதிரி விரலை மடித்து வாயில் வைத்து விசில் அடிப்பாள், படகு திரும்பிப் பார்க்கும். எண்ணூர் பக்கம் ஒரு கடற்காரருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெண் குழந்தை பிறந்து ஐந்தாம் நாள், பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

அன்றைக்கே அம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு சொல்லிவிட்டாள். “தாயி இல்லாத பொண்ணு, யாரு பாத்தா எவரு பாத்தான்னு ஒருத்தி வாயத் தொறக்கக் கூடாது. நாப்பது நாள்ல என் தங்கச்சிய தங்கமாக்கிக் காட்றேன்.” பிறகு என் பக்கம் திரும்பி, “டேய், அண்ணாச்சி கடையில ரெண்டு வீசை விரலி வாங்கிகினு வா. சூப்பரா இடிக்கணும்” என்றாள்.

இடித்தேன். அந்த மாதிரி நான் எதையும் இடித்ததில்லை.

காலையில் மஞ்சள் அரைத்து உடம்பு முழுக்கப் பூசிக் குளியல். மத்தியானம் முகத்துக்கும் கைக்கும் மறுபடி பூச்சு. சாயங்காலம் பாலில் மஞ்சள். சாப்பாட்டுக்குப் பால் சுறாப் புட்டு. உங்களுக்குத் தெரியாததா, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டு போட்டுப் புட்டு பண்ணுவது நம்ம பக்கம் வழக்கம். அதிலும் அம்மா ஒரு கை மஞ்சள் போட்டாள். சுறாவுக்கு என்று ஒரு வாடை உண்டு, மூக்கைச் சுருக்க வைக்கிற மூத்திர வாடை. அந்த வாடையும் வேகாத மஞ்சளின் மண் வாடையும் சேர்ந்து அறைக்குள் கட்டிக்கொண்டு நிற்கும். ஜன்னல் கிடையாது. பிள்ளைத்துணி, பால் புளித்த வாசனை, தலையணையில் மஞ்சள் வியர்வை. அந்தத் தலையணையை இப்போது நினைத்தாலும் எனக்கு வாயில் உமிழ்நீர் கசக்கிறது.

சித்தி முதல் நாள் இரண்டு வாய் சாப்பிட்டாள். அடுத்த நாளிலிருந்து முடியவில்லை.

“அக்கா, கொமட்டுதுக்கா.”

“பெத்த ஒடம்பு அப்டித்தான். மூக்கப் பொத்திகினு முழுங்கு. மஞ்சளு உள்ள போனாத்தான் ஒடம்புல கீற அழுக்கு வெளிய வரும்.”

அம்மா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் சித்தி தட்டை என் பக்கம் தள்ளுவாள். “கண்ணு, இத்த துன்னுட்றா. அக்காவாண்ட சொல்லாத.” எனக்கு அப்போது சுறாப் புட்டு என்றால் உயிர். வழித்து நக்கித் தின்பேன். அம்மா வந்து காலித் தட்டைப் பார்த்து, “பாத்தியா, இப்பத்தான் புடிச்சிகீது” என்று பூரித்துப்போவாள். நான் சித்தியைப் பார்ப்பேன். சித்தி கண்ணை மூடிச் சிரிப்பாள். இது பத்து நாள் நடந்தது. அவளுடைய பத்து நாள் சாப்பாட்டை நான் தின்றேன்.

பார்க்க வந்த பெண்கள் எல்லாம் வாயில் கை வைத்தார்கள். “இன்னாமே இது, கறுப்பி தங்கமா ஜொலிக்கிறா! இன்னா பூசுன?” அம்மா என் தலையில் கை வைத்து, “என் புள்ள இடிச்ச மஞ்சளுமே” என்பாள். எனக்குத் தரையில் கால் படவில்லை. சந்தில் போகிறவர் வருகிறவரையெல்லாம் இழுத்துக்கொண்டு வருவேன். “வந்து எங்க சித்தியப் பாரு. தங்கம். என் மஞ்சளு.” பையன்களிடம் பந்தயம் கட்டினேன், நாற்பதாம் நாள் இருட்டில் விளக்கில்லாமல் சித்தி தெரிவாள் என்று.

சித்தி உடம்பெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தாள். எந்நேரமும் தூங்கினாள். ஒரு நாள் கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து, “அக்கா, ஒண்ணுக்கு டீத்தண்ணி மாதிரி போவுதுக்கா” என்றாள். “சூடு. மஞ்சளு போட்டு மோர் குடி” என்றாள் அம்மா. விசில் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நின்றது மட்டும் தெரியும்.

பிறகு அந்தக் காலை. சித்தி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கண்ணில் வெள்ளையே இல்லை. மஞ்சள். முட்டைக் கரு மாதிரி.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, சந்தோஷத்தில். என் மஞ்சள் கண்ணுக்குள்ளே வரைக்கும் போய்விட்டது! உலகத்தில் யார் மஞ்சள் கண்ணுக்குள் போயிருக்கிறது? நேராக அண்ணாச்சி கடைக்கு ஓடினேன்.

அண்ணாச்சி தெற்குச் சீமைக்காரர். எங்கள் சந்து முனையில் மளிகைக் கடை. நான் வாங்குகிற விரலி அவர் கடை விரலிதான். கொம்பு சொத்தை, உள்ளே நிறம் இல்லை என்று எப்போதும் அவரோடு எனக்குச் சண்டை. அன்றைக்கு அவரை ஜெயிக்கவேண்டும் எனக்கு.

“அண்ணாச்சி, உன் சொத்த மஞ்சள வெச்சி நான் இன்னா பண்ணிகீறேன்னு வந்து பாரு. எங்க சித்திக்கி கண்ணே மஞ்சளாய்டுச்சி!”

அண்ணாச்சி பொட்டலம் கட்டிக்கொண்டே சிரித்தார். பிறகு கை நின்றது. “என்னலே சொல்லுத? கண்ணா?”

“ஆமா. கண்ணுக்குள்ள.”

கடையை விட்டு அண்ணாச்சி இறங்கி நான் பார்த்ததில்லை. அன்று இறங்கினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் அயல் ஆம்பிளை நுழையக்கூடாது என்பதால் வெளியே நின்றே, “தாயி, அந்தப் புள்ளைய வெளிச்சத்துக்குக் கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க” என்றார். சித்தி மெல்லத் திரும்பினாள். அவர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

“தாயி, இது பூசின மஞ்சள் இல்ல. காமாலை. கண்ணுக்குள்ள மஞ்சள் பூச முடியுமா? உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. என் தம்பிக்கு இப்படித்தான் வந்துச்சு.”

அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “இன்னா அண்ணாச்சி, மஞ்சள விக்கிறியா, வைத்தியம் பாக்கறியா? ஊரே என் தங்கச்சியப் பாத்து மூக்குல வெரல வெக்கிது, நீ வந்து கண்ணு வெக்கிறியா? பச்ச ஒடம்புக்காரி முன்னாடி இன்னா பேச்சு பேசறே!”

“கண்ணு வைக்கல தாயி. கண்ணைப் பாருங்கன்னுதான் சொல்லுதேன்.”

சந்து கூடிவிட்டது. அம்மா என் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினாள். “நீ சொல்றா. இந்த மஞ்சள இடிச்சது யாரு?”

“நான்.”

“சித்தி தினத்துக்கும் துன்றாளா, இல்லியா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசற்படிக்கு உள்ளேயிருந்து சித்தியும் பார்த்தாள். “வழிச்சி துன்றாங்கோ” என்றேன்.

“கண்ணு எதனால மஞ்சளாச்சி?”

“என் மஞ்சளால” என்றேன். சத்தமாக, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அப்படித்தான் நம்பவும் செய்தேன். ஆனால் தட்டைப் பற்றிச் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும்.

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாள். கண் பட்டதற்கு மாற்றாக அன்றைக்கு மஞ்சள் பூச்சு இன்னும் கெட்டியாக விழுந்தது. மூன்று நாள் அப்படிப் போனது.

நாலாம் நாள் சித்தி குழந்தையை யாருடையது என்று கேட்டாள். நைனாவை அவள் புருஷன் என்று நினைத்துக்கொண்டு படகு வந்துவிட்டதா என்றாள். ரெண்டு ஷிப்ட்டு முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த நைனா, அம்மாவைக் கேட்காமலேயே அவளைத் தூக்கிக் கை ரிக்ஷாவில் போட்டார். குழந்தையோடு அம்மா ஏறினாள். நான் பின்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா. சித்தி முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எதுவுமே தெரியலியே, இத்த மொதல்ல கழுவுங்க” என்றாள். அவளே கிண்ணியில் தண்ணீரும் சிவப்பு சோப்பும் கொண்டுவந்து நுரைக்கத் தேய்த்தாள். கிண்ணித் தண்ணீர் மஞ்சளாயிற்று. அது என் மஞ்சள், எனக்குத் தெரியும், எவ்வளவு பொடியாக இடித்தது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் கொண்டுவந்து மறுபடி சோப்புப் போட்டாள். இந்தத் தடவை நுரை வெள்ளையாக இருந்தது. தண்ணீர் வெள்ளையாக இருந்தது. சித்தி முகம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

நர்ஸம்மா உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள். “எத்தினி நாளா?” என்று கேட்டாள். அம்மாவும் அந்தக் கிண்ணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் இருந்தாள். அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது பெண்கள் அழுதுகொண்டே சொன்னார்கள், “தங்கமா போயிட்டியேடீ, தங்கமாவே போயிட்டியே” என்று. நான் சந்தெல்லாம் கொண்டுபோய் விற்ற வார்த்தை. அதைச் சொல்லித்தான் மாரடித்தார்கள். நான் குட்டையோரம் போய் வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்துதான் எனக்கு மஞ்சள் வாடை ஆகாது. இப்போது புரிகிறதா, பிளாஸ்க் மூடியைப் பார்த்து நான் ஏன் திரும்பிக்கொண்டேன் என்று?

மஞ்சள் என் சித்தியைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. பின்னால் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் யாருக்கோ வந்த மாதிரி கேட்டேன். தண்ணீரில் வந்திருக்கும், பிள்ளை பெற்ற உடம்பு தாங்கியிருக்காது என்றார். அந்தப் பம்பு, அந்தக் குட்டை. முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவர் “பிழைக்கமாட்டாள்” என்று சொல்லியிருந்தால் நான் அவருக்கு ஒரு வண்டியே எழுதி வைத்திருப்பேன்.

அம்மா கடைசிவரை “கண்ணு பட்டுச்சி” என்றே சொன்னாள். ஆனால் அதற்கப்புறம் எங்கள் குழம்பு எல்லார் வீட்டுக் குழம்பு மாதிரி சிவப்பாயிற்று. உரலைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள். அவன் அதற்குப் பேரீச்சம்பழம் கொடுத்தான். ஒரு காகிதப் பொட்டலம் நிறைய. நான் உட்கார்ந்து அத்தனையும் தின்றேன். ருசியாக இருந்தது. இதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணாச்சி கடையில் அம்மா அப்புறம் சாமான் வாங்கவில்லை. நான் அந்த முனையைத் தாண்டும்போது அவர், “பள்ளிக்கூடம் போறியாலே?” என்று மட்டும் கேட்பார். “நான் அன்னிக்கே சொன்னேனே” என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் கேட்டிருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு அந்த முனையைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் மூணாங்கிளாஸோடு நின்றதற்கு நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்தக் குழந்தை எங்கள் வீட்டிலேயே வளர்ந்தது. என் தங்கச்சி. அவளுக்கு நான்தான் கல்யாணம் பண்ணினேன், குப்பத்தில் அதுவரை அப்படி ஒரு பந்தல் போட்டது கிடையாது. மணலி புதுநகரில் வீடு கட்டிக் கொடுத்தேன். மாடி வீடு. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவளுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. எனக்கு வருகிற மஞ்சள் சமாச்சாரத்தில் பாதி அவள் அனுப்புவது. அவள் குழம்பும் ஆரஞ்சுதான். நான் அவள் வீட்டில் சாப்பிட்டால் தயிர்சோறு, ஊறுகாய். “அண்ணனுக்கு இந்த வாசனை ஆவாது” என்று அவளே எல்லோரிடமும் சொல்வாள். ஏன் என்று கேட்டதில்லை.

போன மாசம் அவள் மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பார்க்கப் போனேன். பெரிய குளிர்சாதன அறை, சுவரில் டிவி, எல்லாம் இருக்கிறது. கட்டிலில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க மஞ்சள். கை முழுக்க மஞ்சள். களைத்துப்போய்த் தலையணையில் சாய்ந்திருந்தாள். தலையணையில் மஞ்சள்.

தங்கச்சி பெருமையாக நின்றாள். “எப்டி கீறா பாத்தியாண்ணே? ஆர்கானிக் மஞ்சளு, ஈரோட்லேந்து வரவெச்சேன். எங்கம்மாவும் இப்டித்தான தங்கமா ஜொலிச்சாங்கோ? பெரிம்மா சொல்லிகீறாங்கோ. நீதான் ஊரையே இஸ்த்தாந்து காட்டுனியாமே.”

அவளுக்கு அவள் அம்மாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை, நண்பர்களே. அந்தத் தங்கம்தான் இருக்கிறது. நான் கொடுத்தது.

“சோப்பு எடுத்துகினு வா” என்றேன்.

“இன்னாது?”

“சோப்பு. தண்ணி. அவ மூஞ்சக் கழுவு.”

“அண்ணே, இப்பத்தான் பூசுனேன். இன்னா பேசறே நீ?”

“கழுவுன்னா கழுவேன்!”

கத்திவிட்டேன். குழந்தை விழித்து அழுதது. தங்கச்சி என்னை முறைத்துக்கொண்டே ஒரு பேஸினில் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தப் பெண், “விடும்மா, மாமா பயப்பட்றாரு” என்று தானே கழுவிக்கொண்டாள். தண்ணீர் மஞ்சளாயிற்று. “இன்னொரு தரம்” என்றேன். இரண்டாவது தண்ணீர். நுரை வெள்ளை. நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். கறுப்பு. கருங்கல்லில் எண்ணெய் தடவின மாதிரி கறுப்பு. கண் வெள்ளை. அறுபது வருஷத்தில் நான் அந்த நிறத்தைப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கட்டில் ஓரத்தில் குந்திவிட்டேன். தங்கச்சி பேஸினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “இன்னாண்ணே? இன்னா ஆச்சி உனுக்கு?”

கூடத்துக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். உரல், அண்ணாச்சி, சந்து நடுவில் நான் சொன்ன சாட்சி, சிவப்பு சோப்பு, எல்லாம். முடித்தபிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்தப் புட்டு. அம்மா ஒரு வாயி கூட துன்னலியா?”

“மொத நாளு ரெண்டு வாயி. அப்பறம் நான்தான்.”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். காபி கொண்டுவருவாள் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. கிளம்பி வந்துவிட்டேன்.

நாலு நாள் அவளிடமிருந்து ஒரு சமாச்சாரமும் வரவில்லை. ரோஜாப்பூ இல்லை, வணக்கம் இல்லை. எட்டு வண்டியும் சரியாக ஓடியது, எனக்குத்தான் எதுவும் ஓடவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் அவள் மருமகன் ஸ்கூட்டரில் வந்து ஒரு டிபன் கேரியரைக் கொடுத்துவிட்டு, “அத்த குடுத்தாங்கோ” என்று சொல்லிப் போனான்.

மேல் தட்டில் சோறு. கீழ்த் தட்டைத் திறந்தேன். சங்கரா மீன் குழம்பு. நல்ல சிவப்பு. ஆரஞ்சு இல்லை, ஓரத்தில் எண்ணெய்கூட மஞ்சளாகப் பிரியவில்லை. ஒரு துளி மஞ்சள் போடாத குழம்பு. எனக்காக.

நாற்றமென்றால் அப்படி ஒரு நாற்றம். மீன் கழுவின தண்ணீரைக் கொதிக்கவைத்த மாதிரி கவிச்சி எழும்பியது. பெண்டாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். நான் உட்கார்ந்து தின்றேன். ஒரு முள் விடவில்லை. தட்டை வழித்து நக்கினேன். பிறகு போன் பண்ணினேன்.

“துன்னியாண்ணே?”

“துன்னேன்.”

“எப்டி இருந்துச்சி?”

“கலீஜா இருந்துச்சி.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை.

“ஒரு சிட்டிகை போடு, தாயி” என்றேன். “மீனுக்கு வோணும்.”

“உனுக்குக் கொமட்டுமேண்ணே.”

“கொமட்டட்டும். மீனுக்குத்தான போட சொல்றேன்.”